ஒரு கிலோவும் ஒரு நட்சத்திரமும்

பிப்ரவரி 4

அன்புள்ள கிராமுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சீட்டு என்று மருந்துக்கடைக்கு எடுத்துப் போய்விடாதே. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்த கை இது. இரண்டாவது முறையும் இதைவிட அழகாக எழுதவில்லை.

போனில் பேசலாம் என்றால் காது ஒத்துழைக்கவில்லை. வலது காது மூன்று வருஷமாக விடுப்பில் இருக்கிறது. இடது காது அரை நாள்தான் வேலைக்கு வருகிறது. அதனால்தான் நாம் பேசுவதில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்குள் அந்தக் கதை எடுபடவில்லை.

உன் தங்கை கல்யாணத்தில் நாலு பேர் "பெரியவ எங்கே?" என்று கேட்டார்கள். நாலு பேருக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். ஐந்தாவது ஆள் கேட்டபோது, "அவளுக்கு நாங்க எதுக்கு? வானத்துல ஒரு டப்பா இருக்கு, அதுதான் அவளுக்குச் சொந்தபந்தம்" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மொத்தம் மூன்று முறை சொன்னேன். அதை உன் அத்தை உன்னிடம் கொண்டு சேர்த்துவிட்டாள். நம் தபால்காரருக்கு அந்த வேகம் இல்லை.

இங்கே எல்லோரும் நலம். கடையும் நலம். போன வாரம் மூன்று தராசு, ஒரு குழந்தை எடை மெஷின் ரிப்பேருக்கு வந்தன. உன் டப்பா எப்படி இருக்கிறது? திறந்தாயிற்றா?

அப்பா


பிப்ரவரி 15

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அத்தை ஒரு முறை என்றுதான் சொல்லியிருந்தாள். மூன்று முறை என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கல்யாணத்தன்றுதான் எங்கள் தொலைநோக்கி ராக்கெட்டில் ஏறித் தரையை விட்டுக் கிளம்பியது. அந்தத் தேதியை நான் குறிக்கவில்லை. வானிலையும் வேறு நாற்பது பேரும் சேர்ந்து குறித்தார்கள். தங்கையிடம் முன்பே பேசிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. நீங்கள்தான் ஊரைக் கூட்டிச் சிரித்தீர்கள்.

மூடியை இன்னும் திறக்கவில்லை. உள்ளே இருக்கும் ஈரம் எல்லாம் வெளியேறக் காத்திருக்கிறோம். அதுவரை மூடிய நிலையிலேயே கேமராவில் படம் எடுக்கிறோம். இருட்டைத்தான் எடுக்கிறோம். வெளிச்சமே இல்லாதபோது கேமரா என்ன காட்டுகிறது என்று தெரிந்தால்தான், பிறகு அது காட்டுவதை நம்ப முடியும். நான் எட்டு மணி நேர ஷிஃப்ட். நீளமான அறை, பதினாறு திரை, ஜன்னல் கிடையாது. அந்தக் கேமரா எதைப் பார்த்துச் சோதிக்கப்பட வேண்டும் என்ற பட்டியல் என்னுடையது.

அது டப்பா இல்லை.

மகள்


பிப்ரவரி 24

அன்புள்ள கிராமுக்கு,

டப்பா என்ற சொல்லை இன்றோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் கோபத்தில்கூடச் சொல்லவில்லை. கல்யாணப் போட்டோவில் உனக்காக ஓர் இடம் விட்டு நிற்கச் சொன்னேன், போட்டோக்காரர் "நெருங்கி நில்லுங்க சார், நடுவுல ஓட்டையா இருக்கு" என்றார். அந்த ஓட்டையை மூடத்தான் வாயைத் திறந்தேன். மன்னித்துக்கொள். அம்மா சொல்லி எழுதவில்லை, நானாக எழுதுகிறேன். அம்மாவும் சொன்னாள் என்பது வேறு விஷயம்.

நீ மூடியைப் போட்டுவிட்டு இருட்டைப் படம் எடுக்கிறாய் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு படிக்க வச்சீங்க? உங்க போனைக் குடுத்தா நீங்களே எடுப்பீங்களே, எல்லாப் படமும் விரல்தான்" என்றாள். எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. தட்டில் ஒன்றும் வைக்காமல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதானே? அதைத்தான் நானும் நாற்பத்தொரு வாடிக்கையாளர்களிடம் மாதம் ஒருமுறை செய்கிறேன். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, ரொட்டிக்கடை, தபால் ஆபீஸ் எல்லாம். முள் பூஜ்யத்தில் நின்றால் நம் பித்தளை எடைக்கல்லை வைப்பேன். ஒரு கிலோ காட்டினால் "நல்ல மெஷின்" என்பேன். காட்டாவிட்டால் மெஷினைத் திருத்துவேன்.

கல் இன்னும் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் பாலிஷ் போடுகிறேன். நேற்று அதில் முகம் பார்த்துச் சவரம் செய்தேன். உன் அம்மா, "அந்தக் கல்லைத் தொடைக்கிற அக்கறையில பாதி இந்த வீட்டு ஜன்னலுக்கு இருந்தா வெளியே பகலா ராத்திரியான்னு எனக்குத் தெரியும்" என்கிறாள்.

அப்பா


மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

போட்டோவில் இடம் விட்டு நின்ற கதையைத் தங்கை சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன். போகட்டும்.

மூடி திறந்தது. கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராகின. முதல் படத்தில் நட்சத்திரம் ஒரு புள்ளியாக விழுந்தபோது பதினாறு திரைக்கு முன்னால் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். கேமராக்காரர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அந்தக் கேமராவைக் கட்டியவர் அவர்தான். பதினொரு வருஷ வேலை. பேச்சு மிகக் குறைவு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

இப்போது ஒரு பிரச்சினை. வாரம் ஒருமுறை ஒரே நட்சத்திரத்தைப் பார்க்கிறோம். அதன் வெளிச்சம் மாறக் கூடாது. முதல் வாரம் ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், அடுத்த வாரம் 996, நேற்று 993. மிச்சமிருந்த ஈரம் கேமராவின் குளிர்ந்த கண்ணாடியில் பனியாகப் படிகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியானால் உள்ளே இருக்கும் ஹீட்டரைப் போட்டு மூன்று வாரம் சூடாக்க வேண்டும். சூடாக்கிக் குளிர வைத்தால் கேமரா பழையபடி திரும்பும் என்று உறுதி கிடையாது. கேமராக்காரர் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார ஆரம்பித்துவிட்டார். பனி படியாது என்று எழுதிக் கொடுத்தவர் அவர்.

ஏப்ரல் 2 அன்று கூடி முடிவெடுக்கிறார்கள்.

மகள்


மார்ச் 17

அன்புள்ள கிராமுக்கு,

பனிதான் பிரச்சினை என்றால் அதில் உன் அப்பா அனுபவசாலி. நம் பழைய பிரிட்ஜில் பனி மலை மாதிரி ஏறியபோது, காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். "புஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு அது பிரிட்ஜாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. ஏழு வருஷம் துணி அடுக்கிவைத்தோம். அதனால் என் யோசனை: கதவைத் திறந்து வையுங்கள், குத்தாதீர்கள். மேலே யாரும் ஸ்க்ரூ டிரைவரோடு இல்லை என்பது நல்ல விஷயம்.

அந்தக் கேமராக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. பதினொரு வருஷம்! நான் பதினொரு வருஷம் சேர்ந்தாற்போல் செய்தது உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒன்றுதான். அவர் பக்கத்தில் போய் உட்கார். பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

ஆமாம், நீங்கள் வாரா வாரம் பார்க்கிற நட்சத்திரம் எது? கரண்ட் போனால் கடை மாடியில் உட்கார்ந்து உனக்கு ஒன்றைக் காட்டுவேனே, "அதை நான் எடை போட்டிருக்கேன், நாலு கிராம்" என்று. நீ "எந்தத் தராசுல?" என்று கேட்டு என் வாயை அடைப்பாய். அது இன்னும் நாலு கிராம் இருக்கிறதா?

அப்பா


மார்ச் 26

அப்பா,

நீங்கள் விளையாட்டாகக் கேட்டீர்கள். அந்த வரியை நான் இருபது தடவை படித்துவிட்டேன்.

சோதனை நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது நான். நாலு வருஷத்துக்கு முன்னால். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் ஒரே தகுதி. ஒன்று, நீங்கள் காட்டும் நட்சத்திரத்தை ஒட்டி, வெறும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. அதன் படத்தைத் திரையில் பார்த்தபோது ஓரத்தில் உங்களுடைய நாலு கிராம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

இரண்டும் ஒரே தகுதி என்று எழுதினேன் இல்லையா? அது முழு உண்மை இல்லை. ஒரு பழைய பட்டியலில் அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்குகிறதோ என்று யாரோ ஒருவருக்குச் சந்தேகம். மற்ற பட்டியல்களில் இல்லை. அதனால் விட்டுவிட்டேன். "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு நட்சத்திரமாக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன், அப்பா. அதுதான் என்னை அரிக்கிறது.

கேமராவில் பனியே இல்லாமல் இருக்கலாம். நட்சத்திரமே மங்கிக்கொண்டிருக்கலாம். வேறு இரண்டு நட்சத்திரங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இந்த மாதம் தொலைநோக்கியின் ஒவ்வொரு மணி நேரமும் யாருக்கோ ஒதுக்கப்பட்டது. ஐந்து மணி நேரம் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் என் கையெழுத்து.

ஒருவேளை பனியாகவே இருந்தால், நான் வீணாக என் பெயரைக் கெடுத்துக்கொண்டவள் ஆவேன். பனி இல்லை என்றால், ஒரு குறையும் இல்லாத கேமராவைச் சூடாக்கிப் பாழாக்க விட்டவள் ஆவேன். தினமும் கேமராக்காரர் பக்கத்தில் உட்காருகிறேன், நீங்கள் சொன்னபடி. அவர் ஆரஞ்சு உரிக்கிறார். நான் பேசுவதில்லை.

இதை எழுதி முடித்தால் என்ன செய்வதென்று தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது ஏப்ரல் 2 ஆகியிருக்கும். அதனால்தான் எழுத முடிந்தது.

மகள்


ஏப்ரல் 4

அன்புள்ள கிராமுக்கு,

உன் கணக்கு தப்பவில்லை. கடிதம் ஏப்ரல் 2 காலை பத்தரைக்கு வந்தது. கடை வாசலில் நின்றே படித்தேன். போனை எடுத்து உன் நம்பரைப் போட்டேன். இந்தக் காதை வைத்துக்கொண்டு உன் வாழ்க்கையின் முக்கியமான பேச்சைக் கேட்கப் போகிறேனா என்று தோன்றி, மணி அடிப்பதற்கு முன்னால் வைத்துவிட்டேன். கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? பிரிட்ஜைக் குத்தியவன் நான்.

ஒன்றும் செய்யத் தோன்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன். எதிரே எடைக்கல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உன் கடிதத்தை ஒரு முறை பார்த்தேன், கல்லை ஒரு முறை பார்த்தேன். நாற்பத்தொரு மெஷினையும் இந்தக் கல் சரிபார்க்கிறது. இந்தக் கல்லை யார் சரிபார்க்கிறார்கள்? வருஷா வருஷம் எடையளவு ஆபீசுக்கு எடுத்துப் போவேன். அங்கே இருந்த பழைய அதிகாரி கையில் வாங்கி, "கண்ணாடி மாதிரி இருக்கு, இதைப் போய் என்னத்த சோதிக்கிறது" என்று முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுவார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வருவேன்.

அன்றே எடுத்துக்கொண்டு போனேன். இப்போது அங்கே ஒரு புது அதிகாரியம்மா. உன் வயதுதான் இருக்கும். கல்லைக் கையால் தொடவே இல்லை, இடுக்கியால் தூக்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அவர்கள் கல்லோடு வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறையும் பார்த்தாள்.

"ஐயா, இது எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?"

"என் பெரிய பொண்ணு வயசும்மா. முப்பத்தொண்ணு."

"எதால தொடைக்கிறீங்க?"

பெருமையாகப் பையிலிருந்து பாலிஷ் டப்பாவை எடுத்துக் காட்டினேன். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழுதான் இருக்கு. மூணு கிராம் இந்தத் துணியிலதான் போயிருக்கு ஐயா."

வாரம் ஒரு தடவை, முப்பது வருஷம், தேய்த்துத் தேய்த்து நானே தின்றிருக்கிறேன். இத்தனை வருஷமாகச் சரியாக இருந்த மெஷின்களை எல்லாம் தப்பு என்று சொல்லித் திருப்பி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாம் எட்டு, ஒன்பது கிராம் கூடுதலாகக் காட்டியிருக்கின்றன. அழுக்காக விட்டிருந்தால் கல் சரியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை முதல் நாற்பத்தொரு இடத்துக்கும் போய்ச் சொல்லப் போகிறேன். உன் அம்மா, "முதல்ல ரொட்டிக்கடைக்குப் போங்க, அடிச்சாலும் மெத்துனு இருக்கும்" என்கிறாள்.

நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. எழுது.

அப்பா


ஏப்ரல் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கேமராக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "மூணு கிராம்" என்ற இடத்தில் அவர் சிரித்தார். இந்த அறையில் யாரும் அவர் சிரித்துக் கேட்டதில்லை. ஆகவே என்ன நடந்தது என்பதில் பாதி உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மார்ச் 30 அன்று சொல்லிவிட்டேன். அவரிடம்தான் முதலில். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "கேமரா இல்லைன்னு நினைக்கிறேன் சார். நட்சத்திரம். நான் எடுத்தது. ஒரு கேள்விக்குறி இருந்தது, விட்டுட்டேன்" என்றேன். அவர் உரிப்பதை நிறுத்தினார்.

"எப்போ தெரியும்?"

"ஒரு வாரமா சந்தேகம்."

"ஒரு வாரமா என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே."

அவர் ஆரஞ்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்று மதியம் தலைவரிடம் நானே எழுதிக் கொடுத்தேன். தலைவர் சத்தம் போடவில்லை. "ஐந்து மணி நேரம் யாரிடமிருந்து எடுப்பது என்று நீங்களே போய்க் கேளுங்கள்" என்றார். மூன்று குழுவிடம் கேட்டேன், மூன்று முறையும் காரணத்தைச் சொன்னேன். மூன்றாவது குழு கொடுத்தது. ஏப்ரல் 2 கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

வேறு இரண்டு நட்சத்திரங்களைப் பார்த்தோம். இரண்டும் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்தோம்: ஆயிரம், ஆயிரம். கேமராவில் பனி இல்லை. ஹீட்டர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மங்குவது அந்த நட்சத்திரம்தான்.

பட்டியல் இனி என்னுடையது மட்டும் இல்லை. மிச்சமுள்ள இருநூறு நட்சத்திரங்களையும் மறுபடி பார்க்கிறேன். நான் பார்த்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். முதல் படத்தை ஊருக்குக் காட்டும் நாளில் மேடையில் என் பெயர் இருக்காது. இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் கேமராக்காரர் என் மேஜையில் பாதி ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பு. வருகிறேன். தங்கையையும் அவள் கணவரையும் வரச் சொல்லுங்கள், அந்தப் போட்டோவை மறுபடி எடுப்போம்.

ஒரே ஒரு கேள்வி. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரி மெஷினை நம்பாமல் கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை எடை போட்டீர்கள் என்று அம்மா சொல்வாள். இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம். அதை வைத்துத்தான் எனக்கு இந்தப் பெயர். அதுவும் தப்புத்தானா?

கிராம்


ஏப்ரல் 20

என் கிராமுக்கு,

கடைசிக் கையெழுத்தை அம்மாவிடம் காட்டினேன். நேரே போய் ஜன்னலைத் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது, நான் முந்தின நாளே துடைத்திருந்தேன். இப்போது எனக்குச் சனிக்கிழமைகளில் வேறு வேலை இல்லை.

நாற்பத்தொரு இடமும் முடிந்தது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "அப்போ இந்த மெஷின் என்னை இருநூறு கிராம் கூட காட்டிச்சா? அதுக்காகவா ரெண்டு வருஷமா சர்க்கரை போடாம டீ குடிச்சேன்?" என்று சண்டைக்கு வந்தார். ரொட்டிக்கடைக்காரர், "சொன்னதோட விடுங்க, வெளியில தொங்கவிடாதீங்க" என்றார். அதற்குள் நடந்ததை ஓர் அட்டையில் எழுதி நம் கடை வாசலில் தொங்கவிட்டிருந்தேன். பெரிய மருந்துக்கடைக்காரர் மட்டும் உட்காரச் சொல்லவில்லை. "இத்தனை வருஷம் உங்களை நம்பினேனே" என்றார். இனி வேறு ஆளை வைத்துக்கொள்ளப் போகிறாராம். அது நியாயம்தான். வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் வலித்தது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மீதி நாற்பது பேர் மெஷினைத் திருப்பிச் சரி செய்துகொண்டார்கள்.

புதுக் கல் வந்துவிட்டது. உறையைவிட்டு எடுப்பதே இல்லை, இடுக்கியால்தான் தூக்குகிறேன். பழைய கல் சமையலறைக் கதவை நிறுத்தி வைக்கிறது. அந்த வேலைக்கு மூன்று கிராம் குறைந்தால் பரவாயில்லை. நீங்கள் விட்ட அந்த நட்சத்திரத்துக்கும் யாராவது ஒரு வேலை கொடுத்தால் நல்லது.

இனி உன் கேள்வி. இதற்குப் பதில் எழுத ஒரு நாள் முழுக்க யோசித்தேன், ஞாபகத்தை நம்பாமல் பழைய பீரோவையும் குடைந்தேன். அந்தக் கல்லின் ரசீது கிடைத்தது. நீ பிறப்பதற்குப் பதினெட்டு நாள் முன்னால் வந்த கல். அதுவரை அதன்மேல் துணிகூடப் பட்டதில்லை. பாலிஷ் டப்பா வாங்கியது நீ நடக்க ஆரம்பித்த பிறகு. ஒருநாள் கடைக்குள் தத்தித் தத்தி வந்து, அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து, எச்சில் வழிய வழிய நக்கிவைத்தாய். கறுப்பாகக் கறை பிடித்துவிட்டது. அதைப் போக்கத்தான் முதல் முறை தேய்த்தேன். பளபளப்பைப் பார்த்து ஆசை வந்து அப்புறம் நிறுத்தவில்லை.

ஆகவே முப்பது வருஷத்தில் நான் எடை போட்ட சாமான்கள், குழந்தைகள், நர்ஸம்மா எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. உன்னை எடை போட்ட அன்று கல் சரியாக இருந்தது, தராசு சரியாக இருந்தது, என் கண்ணை மட்டும் நான் நம்பவில்லை. அதனால் மூன்று முறை எடை போட்டேன். மூன்று முறையும் இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம்தான்.

அப்பா